மாடியில் கொடிக்காய்: பந்தல் ஏற்றுவதும் நுனி கிள்ளுவதும்

மாடித் தோட்டம் போட ஆரம்பிப்பவர்கள் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். சுரை, பீர்க்கு, பரங்கி என்று கொடிவகைக்கு வந்ததும்தான் தலையைச் சொறிவார்கள். கொடி மாடி முழுக்க ஓடியிருக்கும், தினமும் பத்துப் பூ பூக்கும், காய் மட்டும் இருக்காது. என் முதல் சுரைக்கொடியும் அப்படித்தான். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா வரை போய்விட்டது. அந்தப் பருவத்துக்கே கிடைத்தது இரண்டு காய். அதிலும் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனது. அவர்கள் பக்கம் காய்த்த காய், நியாயமும் அதுதான்.

இப்போது அதே மூலையில் 4 அடிக்கு 8 அடி அளவில் ஒரு பந்தல் நிற்கிறது. ஒரு சுரைக்கொடியில் பன்னிரண்டு, பதினைந்து காய் பறிக்கிறேன். மாறியவை இரண்டு விஷயங்கள். கொடியைத் தரையில் ஓட விடாமல் மேலே ஏற்றினேன். எந்தக் கொடியை எங்கே கிள்ள வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டேன். பந்தல் கட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கிள்ளுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் இடம் அதிகம்.

எந்த விதை

ஒரு பந்தலுக்கு இரண்டு செடி போதும். ஆசையில் ஆறு விதை போட்டு ஆறும் முளைத்துவிட்டால், பிடுங்க மனசு வராது, பந்தல் காடாகிவிடும். முதல் முறை வைப்பவர்கள் ஒரு சுரை, ஒரு பீர்க்கு என்று வையுங்கள். சுரையில் கிள்ளப் பழகலாம். பீர்க்கு அதிகம் கிள்ளாமலே காய்க்கும், மனசு தளராமல் இருக்கும்.

மாடிக்குக் குட்டைக் காய் ரகங்கள்தான் வசதி. புடலையில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, காய் ஒரு அடிக்குள் நிற்கும். கோ 1 வாங்கிவிட்டால் ஐந்தடிக் காய் தொங்கும், பந்தலுக்குக் கீழே நடக்க முடியாது. சுரையில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா பஹார், காய் சுமார் 1 கிலோ. அதே நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி என்ற பரங்கி உருண்டையாகச் சிறியதாக இருக்கும், அதுவும் ஏறக்குறைய 1 கிலோதான். நாட்டுப் பரங்கியைப் பந்தலில் ஏற்றினால் காய் 5 கிலோவைத் தாண்டும்போது உங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

(பரங்கி என்று நான் சொல்வது மஞ்சள் பூசணியை. கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள். சென்னையில் வெறுமனே பூசணி என்று கேட்டால் திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி வந்து சேரும். விதைக்கடையில் நிறத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.)

பருவம் ஆடியும் தையும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. பகல் நீண்டு வெயிலும் கடுமையாக இருக்கும்போது கொடிவகைகள் ஆண்பூவாகத் தள்ளும். பகல் குறைந்து இரவு குளிர்ந்தால் பெண்பூ கூடும். ஆடியில் போட்ட விதை பூக்கிற நேரத்துக்கு வெயில் தணிந்திருக்கும். சித்திரையில் விதைத்துவிட்டு "ஆண்பூவாகவே வருதே" என்று உரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

பையும் மண்ணும்

கொடிக்குக் குறைந்தது 40 லிட்டர் மண் பிடிக்கிற பை வேண்டும். தக்காளி வைத்த சின்னப் பையில் சுரை வைத்தால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். 20 லிட்டர் தண்ணீர் கேனை வெட்டி வைத்தால் பாகல் மட்டும் சமாளிக்கும். நனைந்த பை ஒன்று 30, 40 கிலோ வரும், அதனால் மாடியின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, கீழே செங்கல் கொடுத்து வையுங்கள்.

மண்கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து தண்ணீர் தெளித்து ஒரு வாரம் போட்டுவிட்டு அப்புறம் விதையுங்கள்.

விதையை இரவு ஊறவைத்துக் காலையில் பையிலேயே நேராக ஊன்றுங்கள். கொடிவகைக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. நாற்று எடுத்து நட்டால் ஒரு வாரம் முகம் தொங்கிக் கிடக்கும். பாகல், சுரை விதைக்கு ஓடு தடிமன். நகவெட்டியால் விதையின் ஓரத்தை மெல்லக் கடித்துவிட்டு ஊறப்போட்டால் சீக்கிரம் முளைக்கும். ஒரு பைக்கு இரண்டு விதை, நன்றாக வந்த ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

இரண்டு வித்திலை விரிந்ததும் காலையில் போய்ப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்ன வண்டு உட்கார்ந்து இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருக்கும். பூசணி வண்டு. வெயில் ஏறுவதற்குள் மந்தமாக இருக்கும், கையாலேயே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். இலை மேல் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவினாலும் கிட்டே வராது.

பந்தல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். இதை நான் பழமொழியாக நினைத்துத்தான் முதல் பந்தலை மூங்கில் கம்பிலும் சணலிலும் கட்டினேன். ஒரு ராத்திரி அடித்த காற்றில் பந்தல், கொடி, காய் எல்லாம் ஒரே மூட்டையாகச் சுருண்டு மாடிப்படி வாசலில் கிடந்தது. விரிந்த கொடி, காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. கனத்தைவிட காற்றுக்குத்தான் பந்தலைத் தயார் செய்ய வேண்டும்.

இப்போது நிற்கும் பந்தலைச் செய்த விதம் இது. காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி நான்கு. ஒவ்வொன்றிலும் 7 அடி உயர ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, கான்கிரீட் கலவை ஊற்றி மூன்று நாள் காயவிட்டேன். மேலே நான்கு பக்கமும் குழாய் வைத்துப் பைண்டிங் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். குறுக்கே ஒரு அடிக்கு ஒரு கம்பி. அதன் மேல் 4 அங்குலக் கண் உள்ள நைலான் வலை. இரண்டு கால்களைக் கைப்பிடிச் சுவரின் கம்பியோடு சேர்த்தும் கட்டியிருக்கிறேன். தளத்தில் துளை போடாதீர்கள். மழைக்கு ஒழுகும், அப்புறம் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

உயரம், உங்கள் தலைக்கு மேல் ஒரு சாண். அதற்கு மேல் போனால் பூவைத் தொட நாற்காலி தேவைப்படும், நாற்காலி எடுக்கச் சோம்பல் வந்தால் கிள்ளுவதும் நின்றுவிடும். கம்பி வலையைவிட நைலான் வலை நல்லது. சித்திரை வெயிலில் கம்பி காய்ந்து, கொடி பிடித்து ஏறும் சுருளான பற்றுக்கம்பியும் பிஞ்சும் சுட்டுப்போகும். வலையின் கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் பிஞ்சு கண்ணுக்குள் மாட்டி இடுப்பு சிறுத்துப் போகும்.

பந்தலை மாடியின் வடக்கு ஓரத்தில் வைத்தால் மற்றச் செடிகளுக்கு நிழல் விழாது. பந்தலுக்கு அடியில் விழும் நிழலையும் வீணாக்க வேண்டாம், இஞ்சி, மஞ்சள், புதினா பைகளை அங்கே தள்ளிவிடலாம். பந்தலுக்கு இடமே இல்லை என்றால் பால்கனிக் கிரில்லில் வலையை நேராகக் கட்டி ஏற்றலாம். ஆனால் 6 மணி நேரம் வெயில் விழ வேண்டும். அது இல்லாத பால்கனியில் கொடிக்காய் வேண்டாம், மணி பிளான்ட் வையுங்கள்.

கயிற்றில் ஏற்றுவது

செடி ஒரு அடி உயரம் வந்ததும் பையிலிருந்து பந்தலுக்கு ஒரு தேங்காய்க் கயிறு. கயிற்றின் அடிப்பக்கத்தைச் செடியின் தண்டில் கட்டாதீர்கள், மண்ணில் ஒரு குச்சி நட்டு அதில் கட்டுங்கள். தண்டைக் கயிற்றோடு சேர்க்கப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடாதான் சரி. எட்டு வடிவில், கயிற்றை ஒரு வளையமும் தண்டை ஒரு வளையமும் சுற்றி, தண்டுப் பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தியாகக் கட்ட வேண்டும். தண்டு பருக்கும். நைலான் நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு பீர்க்கங்கொடி, கட்டிய இடத்தில் அறுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முக்கால் அடிக்கு ஒரு கட்டுப் போதும். பற்றுக்கம்பி வந்த பிறகு செடி தானாகப் பிடித்துக்கொள்ளும். அது பக்கத்து மிளகாய்ச் செடியைப் பிடிக்கப் போனால் மட்டும் திருப்பி விடுங்கள்.

கிள்ளுவதற்கு முன் கணுவைப் பாருங்கள்

கத்தரியை எடுப்பதற்கு முன், ஒரு கணுவை நிதானமாக உற்றுப் பாருங்கள். தண்டிலிருந்து இலைக்காம்பு கிளம்பும் மூலையில் நாலு சமாசாரம் இருக்கும். ஒன்று இலை. அதன் அருகே ஸ்பிரிங் மாதிரி சுருண்ட பற்றுக்கம்பி. இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவில் பூமொட்டு. அதை ஒட்டியே பசும் ரோமத்தோடு, நுனியில் குட்டி இலைகள் மூடிய நிலையில் ஒரு முளை. அந்த முளைதான் பக்கக் கிளை. புதியவர்கள் அவசரத்தில் பூமொட்டைக் கிள்ளிவிட்டு முளையை விட்டுவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். பூ என்றால் காம்பு நீளும், கிளை என்றால் இலை விரியும்.

பெண்பூவை அடையாளம் காண்பது சுலபம். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும். சுரையில் அது கட்டைவிரல் நகம் அளவில், வெல்வெட் துணி மாதிரி வெள்ளை ரோமத்தோடு இருக்கும். ஆண்பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு மட்டும்தான். முதலில் ஆண்பூக்கள்தான் வரும், பயப்பட வேண்டாம்.

சரி, இப்போது சுரைக்கு வருவோம். விதையிலிருந்து மேலே போகும் கொடியைத் தாய்க்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கணுக்களில் கிளம்புபவை பக்கக் கிளைகள். அந்தக் கிளைகளில் கிளம்புபவை பேரக் கிளைகள். சுரையின் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண்பூதான் பூக்கும். பெண்பூ பக்கக் கிளைகளில் வரும், பேரக் கிளைகளிலோ முதல் இரண்டு மூன்று கணுவுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். யூடியூபில் 3ஜி கட்டிங் என்று காட்டுவது இதைத்தான். மூன்றாம் தலைமுறைக் கிளையை வேகமாக வரவழைக்கும் வித்தை. என் முதல் கொடி ஆன்டெனா வரை ஓடியதும் இதனால்தான். தாய்க்கொடி நுனியிலிருந்து ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க முளைகளைத் தூங்க வைக்கிறது. நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும்.

சுரைக்கு நான் செய்யும் வரிசை இது.

முதலில், ஐந்தாறு இலை வரும் வரை எதையும் தொடாதீர்கள். வேர் பிடிக்கட்டும்.

அடுத்து, கயிற்றில் ஏறும்போது பந்தலுக்குக் கீழே வரும் பக்க முளைகளை எல்லாம் விரல் நீளம் வருவதற்குள் எடுத்துவிடுங்கள். இலைகளை எடுக்காதீர்கள், செடிக்குச் சமையலறை அதுதான். ஒரே தண்டாக, இலையோடு, பந்தலைத் தொட வேண்டும்.

மூன்றாவது, தாய்க்கொடி வலையைத் தாண்டி முக்கால் அடி போனதும் நுனியைக் கிள்ளுங்கள். நுனி என்றால் கடைசி ஒரு அங்குலம், நகமே போதும். அரை அடி வெட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது வீண்.

ஒரு வாரம், பத்து நாளில் மேல் கணுக்களிலிருந்து நாலைந்து கிளைகள் சீறிக்கொண்டு வரும். பலமான மூன்றை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையாக வலையில் படர விடுங்கள். மற்றதை எடுத்துவிடலாம்.

நான்காவது, இந்த மூன்று கிளைகளும் தலா பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இனி வரும் பேரக் கிளைகளில் பெண்பூவைத் தேடுங்கள். அவற்றையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடிக்கு வெறுத்துப்போகும். பந்தலில் இடமே இல்லாமல் போனால் மட்டும், பிஞ்சு பிடித்த இடத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியை நிறுத்தலாம்.

வெட்டுவதற்கு நல்ல நேரம், மழை இல்லாத நாளின் காலை. வெயிலில் காயம் சட்டென்று காய்ந்துவிடும். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டிலோ சானிடைசரிலோ துடைத்துக்கொள்ளுங்கள். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும் தேமல் நோய் இருக்கும் செடியின் சாறு கத்தியோடு போய் அடுத்த செடிக்கும் ஒட்டிவிடும். அப்படிப்பட்ட செடியைக் கடைசியாகக்கூட வெட்ட வேண்டாம், எடுத்தே விடுங்கள்.

எல்லாவற்றையும் கிள்ளாதீர்கள்

சுரையில் பலன் கிடைத்த குஷியில் அடுத்த பருவம் பாகலுக்கும் அதே வைத்தியம் பார்த்தேன். பூ மூன்று வாரம் தள்ளிப்போனதுதான் மிச்சம். பாகல் தானாகவே புதர் மாதிரி கிளைக்கும் கொடி, தாய்க்கொடியிலும் கிளையிலும் இரண்டு பூவும் வரும். அடியிலிருந்து ஒன்றரை அடி வரை வரும் முளைகளை மட்டும் எடுத்துவிட்டு, மேலே போன பிறகு விட்டுவிடுங்கள்.

பீர்க்கிலும் புடலையிலும் கணுவைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். ஒரே இலை மூலையில் ஆண்மொட்டுகள் கொத்தாகவும், அதன் அருகில் பெண்பூ ஒற்றையாகவும் இருக்கும். தாய்க்கொடியிலேயே பெண்பூ வருகிற செடிக்கு மூன்று தலைமுறை எதற்கு? பந்தலைத் தொட்டதும் ஒரே ஒரு முறை நுனி கிள்ளினால் கொடி அகலமாகப் படரும். அது போதும்.

பரங்கிக்குக் கணக்கு வேறு. ஆண்பூக்கள் நிறைய வந்த பிறகு, தாய்க்கொடியிலேயே பத்து, பதினைந்து கணு தாண்டித்தான் பெண்பூ வரும். அதற்குள் நுனியைக் கிள்ளிவிட்டால் வரவேண்டிய காயை நீங்களே தள்ளிப் போடுகிறீர்கள். தாய்க்கொடியையும் இரண்டு கிளையையும் வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். இரண்டு காய் நின்று உருண்டதும் நுனியை நிறுத்துங்கள்.

சுக்கினி வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அது கொடியே இல்லை, ஒரே இடத்தில் நின்று இலை விரிக்கும் குத்துச்செடி. பந்தல் வேண்டாம். அருகே 4 அடிக் கம்பு ஒன்று நட்டு, தண்டு சாயச் சாயக் கட்டிக்கொண்டே போய், காய் பறித்த இடத்துக்குக் கீழே உள்ள இலைகளை மட்டும் காம்பில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஓசூர், பெங்களூரு குளிருக்கு நன்றாக வரும். சென்னையில் மார்கழியைக் குறிவைத்து, ஐப்பசியில் விதைத்துப் பார்க்கலாம்.

எந்தக் கொடியானாலும், மண்ணைத் தொடும் இலை, பழுத்த இலை, வெள்ளை பூத்த இலை இவற்றை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் மூன்று இலைக்கு மேல் வேண்டாம்.

பூ மலரும் நேரம்

பெண்பூ வந்து, பிஞ்சு மஞ்சளாகி, மூன்று நாளில் வெம்பி உதிர்கிறது என்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. மூன்றாவது மாடிக்கு எல்லாத் தேனீயும் வராது. நாம்தான் தூது போக வேண்டும்.

எப்போது போவது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். சுரைப் பூ சாயங்காலம் விரியும், வெள்ளைப் பூ, இரவில் அந்துப்பூச்சி வந்து போகும். காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் வாடிய துணி மாதிரி தொங்கும். பீர்க்கும் சாயங்காலம் 5 மணிக்கு மேல். புடலை இருட்டிய பிறகு, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து விரியும். ஒரு முறையாவது டார்ச் அடித்துப் பாருங்கள், காய் வராவிட்டாலும் அதற்காக வைக்கலாம். பரங்கியும் பாகலும் விடிகாலையில் மலரும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்.

அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டை விரலில் தொட்டால் பொடி ஒட்டும். அதைப் பெண்பூவின் நடுவில் மூன்றாகப் பிரிந்த சூல்முடியின் எல்லா மடலிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சின் காம்பு வளைந்து காய் கீழ்நோக்கித் திரும்பும்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதே

எங்கள் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது பெருமையாகப் பந்தலுக்கு அழைத்துப் போனேன். "அத்தே, அங்க பாருங்க, நாலு பிஞ்சு" என்று கையை நீட்டியதும் படக்கென்று என் விரலை மடக்கிவிட்டார். "விரல நீட்டிக் காட்டாதடா, அழுகிப் போயிரும். மடக்கிக் காட்டு." அந்த வாரமே அதில் இரண்டு பிஞ்சு அழுகியது. அத்தைக்கு அன்று முழுக்க வெற்றிச் சிரிப்பு.

அழுகியதை வெட்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈ. பிஞ்சுத் தோலில் ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி, அதில் பழுப்பு நிறத்தில் பிசின் ஒரு சொட்டு, அந்தப் பக்கமாகக் காய் கோணும், அப்புறம் அழுகல். தோல் மென்மையாக இருக்கும் முதல் வாரம்தான் அதற்குக் கொண்டாட்டம். எனவே மகரந்தம் சேர்ந்த மூன்றாம் நாளே பிஞ்சுக்குச் செய்தித்தாளில் கூம்பு செய்தோ, பழைய நெட் துணியில் பை தைத்தோ போட்டுவிடுங்கள். காய் கையளவு வளர்ந்து தோல் கொஞ்சம் முறுகியதும் எடுக்கலாம்.

ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் மாட்டலாம். கடையில் கேட்கும்போது கொடிவகைக் காய்க்கு என்று சொல்லிக் கியூலூர் பொறி வாங்குங்கள். மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் பொறியை மாட்டினால் அது இந்த ஈயைக் கூப்பிடவே செய்யாது. நான் ஒரு பருவம் முழுக்க அதை மாட்டி வைத்துக் காத்திருந்தேன். அழுகிய பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள், புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பி வரும். பிளாஸ்டிக் கவரில் முடிந்து மூன்று நாள் வெயிலில் போட்டு அப்புறம் குப்பைக்கு.

தொங்கும் காயின் பாரம்

கொடிக்குக் காய் பாரமா என்று கேட்பார்கள். ஒன்றரைக் கிலோ சுரையைக் கொடி தாராளமாகத் தாங்கும், காம்பு நாளுக்கு நாள் முறுகிக்கொண்டே வரும். காற்றில் ஊசலாடும்போதுதான் ஆபத்து. 2 கிலோ தாண்டும் பரங்கிக்குப் பழைய வேட்டியில் ஒரு தூளி. இரண்டு முனைகளையும் பந்தல் கம்பியில் கட்டுங்கள், கொடியில் கட்டாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்கத் தூளியின் அடியில் இரண்டு ஓட்டை. எங்கள் வீட்டில் தூளியைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுப் பாட்டி, "யாருக்குக் குழந்தை?" என்று கேட்டார்.

புடலைக்கு நேர்மாறு, பாரம் ஏற்ற வேண்டும். காய் அரை அடி வந்ததும் நுனியில் நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். எலுமிச்சை அளவுக்கு மேல் கல் வேண்டாம்.

தண்ணீர், உரம், நோய்

பந்தல் நிறைந்த கொடி வெயில் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்ற வேண்டாம், அது வெயிலுக்கு. காலையிலும் தொங்கினால்தான் கவலை.

பத்து நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை ஒன்றுக்குப் பத்து கலந்து ஊற்றுங்கள். பூக்க ஆரம்பித்ததும் அதைக் குறைத்து, ஒரு கைப்பிடி மரச்சாம்பலை மண்ணில் கலந்து, பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி சேர்த்து இலையில் தெளிக்கலாம். இலை வழக்கத்தைவிடப் பெரிதாகக் கரும்பச்சையில் மினுங்கிப் பூவே இல்லை என்றால், தழைச்சத்து கூடிப்போயிற்று என்று அர்த்தம். உரத்தை நிறுத்துங்கள்.

இலையில் மாவு தூவியது மாதிரி வந்தால் சாம்பல் நோய். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு முறை, வெயில் இருக்கும் காலையில் தெளியுங்கள். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும், ஆனால் பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் சோதித்து 1999இல் வெளியிட்ட முறை இது. மற்றச் செடிக்குப் போடுகிற ஞாபகத்தில் கந்தகத் தூளோ தாமிரத் தூளோ போட்டுவிடாதீர்கள், கொடிவகை இலை கருகிவிடும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம்.

பறிப்பது

சுரையை மகரந்தம் சேர்ந்து 12 முதல் 15 நாளில் பறிக்கலாம். கட்டைவிரல் நகத்தை லேசாக அழுத்தினால் இறங்க வேண்டும். பீர்க்கு ஒரு வாரம், பத்து நாளிலேயே. விட்டால் நார்தான் மிஞ்சும், முதுகு தேய்க்கலாம். ஒரு காய் முற்றினால் செடி அதற்கே சத்தைக் கொடுத்து மற்றப் பிஞ்சுகளைக் கைவிடும், எனவே ஊருக்குப் போவதாக இருந்தால் சின்னதோ பெரியதோ பறித்துவிட்டுப் போங்கள். காயை முறுக்காமல் காம்பில் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

சுரையைச் சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுசாகத் தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிடசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். பாகற்காய் கசப்பு வேறு, அதை நினைத்து இதைச் சாப்பிடாதீர்கள். அந்தக் காயிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.

விதைக்கு வேண்டுமானால் நாட்டு ரகத்தில் முதலில் வந்த நல்ல காய் ஒன்றைக் கயிறு கட்டி அடையாளம் வைத்துக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். ஓடு காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும். ஹைப்ரிட் விதையில் இதைச் செய்தால் அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது.

கொடி ஓய்ந்ததும் வலையிலிருந்து பிய்த்து இழுக்காதீர்கள், வலைதான் கிழியும். அடித்தண்டை மண் மட்டத்தில் வெட்டிவிட்டு ஒரு வாரம் அப்படியே காயவிடுங்கள். பற்றுக்கம்பி எல்லாம் மொறுமொறுவென்று ஆன பிறகு வலையைப் பிடித்து உதறினால் தானாகக் கொட்டிவிடும். அடியில் இருக்கும் புதினாப் பைகளை மட்டும் முதலில் நகர்த்திக்கொள்ளுங்கள்.